தோல் ஈரமா இருக்கு!

அதிர்ச்சியில் இருக்கிறேன். கண்காட்சி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. திறந்த வாய் இன்னும் மூடவில்லை. பல் வைத்தியரிடம்கூட நான் இவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்ததில்லை.

எல்லாம் அந்தப் பின்னறையால் வந்த வினை.

எங்கள் வீட்டில் ஒரு பின்னறை உண்டு. பத்தடிக்கு எட்டடி. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, முக்கியமாக, சாத்தினால் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு. பணி ஓய்வு பெற்ற அன்றே அதன்மேல் கண் வைத்தேன். என் மனைவி எனக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே கண் வைத்திருந்தாள். அவள் தையல்காரி. அவளுடைய மெஷின் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. தைத்து வாங்கிய சட்டையில் வெங்காய வாசனை வருகிறது என்று ஆட்கள் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். முந்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"இதோ பாரும்மா. இனிமே நான் கலைஞன். தோல்ல சிற்பம் செதுக்கப் போறேன்."

"யாரு தோல்ல?"

"பதப்படுத்தின தோல்லதான். ரெண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடை மாடியில கைவினைச் சங்கம் இருக்கே, அங்க சனிக்கிழமை வகுப்பு. கத்தியால கோடு கீறி, அச்சை வெச்சுத் தட்டினா, பூவும் குதிரையும் அப்படியே எழும்பி வருமாம்."

"நீங்க கடைசியா எட்டு மணிக்கு முன்னால எழும்பி வந்தது எப்போ?"

"கிண்டல் பண்ணாதே. முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல முத்திரை குத்தினவன் நான். காகிதத்துல குத்தின கைக்குத் தோல் எம்மாத்திரம்? ஒரே ஒரு விஷயம். கலைக்குத் தனிமை வேணும். அந்தப் பின்னறை..."

அவள் மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்தினால் கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம்.

"மூணு மாசத்துல சங்கத்துக் கண்காட்சி வருதுன்னு சைக்கிள் கடைச் சுவத்துல ஒட்டியிருக்கு. அதுல உங்க கைவேலை ஒண்ணு தொங்கணும். அதுவரைக்கும் அங்க உக்காந்து பழகுங்க. தொங்கினா அறை உங்களுக்கு. இல்லேன்னா என் மெஷினுக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்பம்மா பேச்சு மாறியிருக்கேன்?"

"தேதியோட சொல்லவா?"

வேண்டாம் என்றேன்.

சங்கத்துத் தலைவிக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சில் மகா சிக்கனம். முதல் வகுப்பில் ஒரு துண்டுத் தோலைப் பஞ்சால் நனைத்துக் காட்டினார். "ஈரத் தோலுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி. நகம் பட்டா நகம் பதியும், மோதிரம் பட்டா மோதிரம் பதியும். காஞ்சிட்டா அழிக்கிறது கஷ்டம். அதனால ஈரம் இருக்கும்போதே வேலையை முடிக்கணும். நடுவுல எழுந்து போகக் கூடாது."

மற்ற மாணவர்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் இப்படி ஒரு சாக்கு எனக்குக் கிடைத்ததே இல்லை.

மறுநாளே கருங்கல் பலகை, கத்தி, சுத்தியலோடு பின்னறையில் உட்கார்ந்தேன். சாக்கும் அமலுக்கு வந்தது.

"ஏங்க, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க!"

"முடியாதும்மா! தோல் ஈரமா இருக்கு!"

"ஏங்க, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு. ஒரு கை பிடிங்க!"

"இப்ப எழுந்தா காஞ்சிடும்மா!"

"ஏங்க, உங்க தங்கச்சி வந்திருக்கா!"

"ஈரமா இருக்குன்னு சொல்லு!"

ஆஹா! சொர்க்கம் பத்தடிக்கு எட்டடிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே ஒரு குறை. தட்டுகிற சத்தம் நின்றால் அவளுக்குச் சந்தேகம் வரும். தட்டிக்கொண்டே இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆபீசில் முப்பத்தோரு வருஷம் மத்தியானம் தூங்கிய உடம்பு இது. திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

யோசித்தேன். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நிஜமாகவே தட்டினேன். பக்கத்தில் கைப்பேசியை வைத்து அதைப் பதிவு செய்தேன். நடுவில் அவள் வெளியிலிருந்து ஏதோ கூப்பிட்டாள். நான் வாயே திறக்காமல் தட்டிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து கைப்பேசி தட்டியது, நான் தூங்கினேன். பதிவு முடிந்தால் அதுவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை. டொக் டொக் என்று கேட்டாலே கண் சொக்கிப் போகும். அதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும்.

இரண்டரை மாதத்தில், தோலில் நான் ஆரம்பித்த குதிரைக்கு ஒரு பின்னங்கால் முளைத்திருந்தது. அதுவும் நொண்டி. ஆனால் ஒன்று, நான் தொடாமலே என் கத்தி நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டு வந்தது. நல்ல ரக இரும்பு என்று மெச்சிக்கொண்டேன். தோல் துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. எலி என்று நினைத்தேன். புதன்கிழமை தோறும் என் மனைவி நூல் வாங்கப் போனாள். அப்பாடா, அன்றைக்கு ஏவுவதற்கு ஆளில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. அறை போய்விடுமே! ஒரு பெரிய தோலை எடுத்து, நன்றாக நனைத்து, மேஜைமேல் இருந்த கருங்கல் பலகையில் விரித்தேன். கத்தியைக் கையில் எடுத்தேன். பழக்க தோஷம், கைப்பேசியையும் தட்டவிட்டேன். டொக். டொக். தோல் சில்லென்று இருந்தது. ஒரு நிமிஷம் கன்னத்தை வைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது.

கண் விழித்தபோது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. நிமிர்ந்தேன். தோல் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிய்த்துப் பார்த்தேன். ஐயோ! தோலில் நான்! கோணிய கண்ணாடி, மடங்கிய காது, அரை மீசை, பிளந்த வாய், எல்லாம் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. வாயோரம் மட்டும் தோல் காயவே இல்லை. காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். மேலே நாலு காகிதத்தையும் போட்டு மூடினேன். 'சங்கத்துத் தோல் மட்டம்' என்று ஒரு காரணத்தைத் தயார் செய்துகொண்டேன். மனசு ஆறாததால், சனிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மத்தியானம் மறுபடி தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மாடி ஏறினேன். மனைவி ஏற்கெனவே போயிருந்தாள். நட்டநடுச் சுவரில் ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. எக்கிப் பார்த்தேன்.

நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அதே கோணல் கண்ணாடி, அதே பிளந்த வாய். ஆனால் இப்போது தலைமுடி ஒவ்வொரு இழையாகக் கீறப்பட்டு, மீசை மேலெழும்பி, காது புடைத்து நின்றது. ஓரம் முழுக்க அழகான இலைக்கொடி. கீழே ஒரு அட்டை: 'உழைப்பாளி.' அதற்குக் கீழே என் மனைவியின் பெயர்.

"இது... நான் குப்பையில போட்டேனே!" என்றேன்.

"குப்பையை யாரு கொட்டுறா?" என்றாள் மனைவி.

"நீ எப்போ கத்துக்கிட்டே? எப்படித் தெரியும் உனக்கு?"

"ஒரு நாள் கூடத்துல பேசாம பட்டன் தெச்சிட்டிருக்கேன். உங்க அறைக்குள்ள இருந்து 'ஏங்க, பால் பொங்குது'ன்னு நானே கூப்பிடுறேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டிடுச்சு. நான் இங்க இருக்கேன், அங்க கூப்பிடுறது எவ? ஓடி வந்து கதவைத் தெறந்தா போன் தட்டுது, நீங்க குறட்டை விடுறீங்க."

"எழுப்பியிருக்கலாமே!"

"எதுக்கு? கல்லு, கத்தி, சுத்தியல் எல்லாம் சும்மாதானே கிடந்துச்சு? புதன்கிழமை வகுப்புல சேந்துட்டேன். தினமும் உங்க பக்கத்துலயே உக்காந்து தட்டினேன்."

"என் தலைமாட்டுலயா? எனக்கு முழிப்பே வரலையே!"

"சத்தத்துல தூங்க நீங்களாத்தானே பழகினீங்க? நிறுத்தினாத்தான் புரண்டு படுத்தீங்க. அதனால நிறுத்தவே இல்ல. நேத்து இதை மறுபடி நனைச்சுச் செதுக்கும்போது ரொம்ப வசதி. பாத்துச் செதுக்க ஆளும் எதிர்லயே படுத்திருந்தீங்க."

சைக்கிள் கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் அறையை அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா? தலைவியிடம் ஓடினேன்.

"நீங்களே நியாயம் சொல்லுங்கம்மா. என் கைவேலை சுவத்துல தொங்கினா அறை எனக்குன்னு பேச்சு. இந்தத் தோல்ல முதல்ல பதிச்சது நான்தானே?"

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தோலைப் பார்த்தார்.

"கைவேலைன்னுதானே பேச்சு? இது கன்ன வேலை."

தீர்ப்பு முடிந்தது. அன்று சாயங்காலமே மெஷின் பின்னறைக்குப் போனது. நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். ஈரம் என்று சொல்ல என்னிடம் தோல் எதுவும் மிச்சமில்லை.

இன்றைக்குக் காலை, சமையலறையில் நான் தனியாகப் போராடிக்கொண்டிருந்தேன். ஒரு அடுப்பில் பால், இன்னொன்றில் சோறு, கையில் குப்பைக்கூடை.

"ஏம்மா! பால் பொங்குது! கொஞ்சம் வாயேன்!"

உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம். "வர முடியாதுங்க! தோல் ஈரமா இருக்கு!"

எனக்குப் பொறி தட்டியது. ஆஹா, என் வித்தையை என்னிடமேவா? கைப்பேசியைத் தட்டவிட்டுவிட்டுத் தூங்குகிறாள்! கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பூனைபோல நடந்துபோய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன்.

நிஜமாகவேதான் தட்டிக்கொண்டிருந்தாள், முக்காலிக்கு உறையாகத் தைத்துப் போட்ட என் முகத்தின்மேல் உட்கார்ந்து.