டைம்டேபிள் சாரும் ஒரு சாரைப்பாம்பும்

துடியலூரில் பாம்பை 'வாங்க, போங்க' என்று கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் டைம்டேபிள் சார்தான்.

எதிர் வீட்டுக்காரர். கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். கோடை விடுமுறை தொடங்கியதும் அட்டவணை போட்டு வாசல் கதவில் ஒட்டிவிடுவார். ஒரு வருடம் நீச்சல். இரண்டாம் நாளே சளி பிடித்துத் திரும்பினார். இன்னொரு வருடம் மலையாளம். பஸ் போர்டு படிக்கும் வரை வந்தது.

அதற்கடுத்த கோடையில் நான் என் மோட்டார் ரூம் பக்கம் ஒரு சாரைப்பாம்பை அடித்துக் கொன்றேன். தெருவே என்னைப் பாராட்டியது. சார் மட்டும் கேட்டார்: "அது உங்கள என்னங்க பண்ணுச்சு?"

யோசித்துப் பார்த்தேன். அட, நிஜமாகவே ஒன்றும் பண்ணவில்லை.

போன கோடையில் கதவில் புது அட்டவணை: 'பாம்பு பயம் போக்குதல். முதல் வாரம் போட்டோ. இரண்டாம் வாரம் வீடியோ. மூன்றாம் வாரம் உரித்த சட்டையைத் தொடுதல். நான்காம் வாரம் நேரில்.' பல்லியைக் கண்டாலே நாற்காலியில் ஏறி நிற்கிற மனிதர்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பாம்புக்கு அட்டவணை தெரியுமா? இரண்டாம் வாரமே வந்துவிட்டது. காலை பத்து மணி, அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரம். நான் தடியோடு ஓடினேன். சார் குறுக்கே வந்து நின்றார். இரண்டு கையையும் அகல விரித்து என்னை மறித்தார்.

"நகருங்க சார்! நல்ல பாம்பா இருந்துதுன்னா?"

"சாரைதானுங்க. ரெண்டு வாரமா போட்டோவுலயும் வீடியோவுலயும் பாத்துப் பாத்து சொந்தக்காரங்க மாதிரி ஆயிப்போச்சு."

"பயமில்லீங்களா?"

"உசுரே போகுதுங்க. அதுக்கும் அப்புடித்தானுங்க இருக்கும்."

பிறகு பாம்பின் பக்கம் திரும்பி, "ஏனுங்க, கேட்டத் தொறந்துபோட்டேன். மெதுவா போங்க" என்றார். நாங்கள் இருவரும் பத்தடி தள்ளி, மூச்சு விடாமல் நின்றோம். அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கேட் வழியாகப் பக்கத்துக் காலிமனைக்குப் போய்விட்டது. என் கையிலிருந்த தடி எனக்கே அசிங்கமாக இருந்தது. சார் படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழுந்து போய், அட்டவணையில் நான்காம் வாரத்துக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதினார்.

இந்த வருடம் அவர் போத்தனூருக்கு வீடு மாறிப் போய்விட்டார். எதிர் வீட்டுக் கதவு மொட்டையாக இருக்கிறது.

நேற்றுக் காலை என் மோட்டார் ரூமில் சரசரவென்று சத்தம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தடியைத் தேடவில்லை. கேட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். பாம்பு வெளியே போனதும் முதல் வேலையாகச் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், இன்னிக்கு ஒருத்தரு வந்துட்டுப் போனாருங்க."

"அப்புடீங்களா! நல்லா இருக்காருங்களா?"

இந்தக் குரலைக் கேட்கத்தான் நான் போன் போட்டதே.