ஒருவேளைக்காரர்

உலகத்தில் ஒருவேளைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் கிடைப்பார்கள். ஆனால் ரத்தம் குடிக்கிற வௌவால் கடிக்கும் ஊரில் வளர்ந்தவர்தான் முதல் தரம். மரன்யோன் ஆற்றங்கரையில், பதினாறு வீடும் ஒரே ஒரு மோட்டார் படகும் உள்ள ஊரில், அந்தப் படகின் சொந்தக்காரரான தோன் நசாரியோவைப் பாருங்கள். அவருக்கு எதிலும் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகம் ஒரே திசையில்தான் ஓடும்: வலை ஊஞ்சலை விட்டு எழுந்திருக்க வேண்டாத திசையில்.

கூரை ஒழுகினால், ஒருவேளை மழை நின்றுவிடும். மோட்டார் இருமினால், ஒருவேளை அதற்குக் குளிரெடுத்திருக்கும். கொசுவலையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தால், ஒருவேளை காற்று வர நல்லதாய்ப் போகும்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி எர்மெலிந்தா எழுந்தபோது கால்மாட்டில் போர்வை நனைந்திருந்தது. கட்டைவிரல் நுனியில் பயறளவு ஒரு பள்ளம். வலியே இல்லை, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. இக்கிட்டோஸ் நகரத்தில் செவிலியர் படிப்பை முடித்து, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகச் சான்றிதழ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு வந்திருந்த மகள் நேரிதா குனிந்து பார்த்தாள்.

"வௌவால்" என்றாள்.

நம் ஆள் வேலையைத் தொடங்கினார்.

"ஒருவேளை மீன்முள்ளா இருக்கும்."

"படுக்கையில ஏதுப்பா மீனு?"

"அப்ப ஒருவேளை நகம் பட்டிருக்கும். உங்கம்மா நகம் என்ன லேசுப்பட்டதா?"

"என் நகத்த விடு கிழவா" என்றாள் எர்மெலிந்தா.

கடி கீறலாயிற்று, கீறல் உரசலாயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டால் வௌவால் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது என்று முடிந்திருக்கும். பக்கத்து வீட்டு வில்மர் வந்தார். ரத்தம் தித்திப்பாய் இருப்பவர்களைத்தான் வௌவால் தேடி வரும், அது ஒரு கௌரவம் என்று சொல்லி, காயத்தில் ஊற்றக் கரும்புச் சாராயத்தை நீட்டினார். காயத்துக்குக் கால் மூடி. மிச்சம் இரண்டு வைத்தியர்களுக்கும்.

நேரிதா சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"கழுவினது பாதிதான். மீதி வெறிநோய் ஊசி. சுகாதார நிலையத்துக்குப் போகணும். இன்னைக்கே."

"நாலு மணி நேரம் ஆத்துலயா? காய்ச்சல் வருதான்னு பாப்போம். வந்தா போலாம்."

"வந்தப்புறம் போய்ப் பிரயோஜனமில்லப்பா. அதுக்கு மேல மருந்தே கிடையாது. அம்மா செத்துப்போயிரும்."

அவர் வில்மர் பக்கம் திரும்பினார். "மூணு வருஷம் படிச்சதுல வௌவாலுக்குப் பல்லு எண்ணக் கத்துக்கிட்டு வந்திருக்கா."

வில்மர் சிரித்தார். நேரிதாவுக்கு முகம் சுட்டது. படித்ததை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் இந்த வீட்டில் அவள் குரல் வேறு யாருடையதோ போல ஒலிக்கிறது. ஒருவேளை முள்தானோ? ஒரு கணம் நினைத்தே விட்டாள். அது மட்டுமா? ஞாயிறன்றே கொசுவலையின் அந்த ஓட்டை அவள் கண்ணில் பட்டிருந்தது. ஒருவேளை அம்மாவே தைத்துவிடுவாள் என்று விட்டிருந்தாள். சில வியாதிகளுக்கு வௌவால் தேவையில்லை; அப்பனிடமிருந்தே ஒட்டிக்கொள்ளும்.

எர்மெலிந்தா காலில் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்:

"போன மாசம் கன்னுக்குட்டி கழுத்துல இதே மாதிரிதான இருந்துச்சு? அன்னைக்கு விடியறதுக்குள்ள படகை எடுத்துக்கிட்டு ஊசிக்கு ஓடின. ஏன் கிழவா, கன்னுக்குட்டிக்கு மட்டும் ஒருவேளை கிடையாதா?"

வில்மர் சாராயத்தை மூடினார். தோன் நசாரியோ வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை.

மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ஒரு தடவைகூட இருமவில்லை.

சுகாதார நிலையத்தில் இருந்த செவிலி, படிவத்தில் மூன்று கட்டங்களைக் காட்டினாள். கடி, கீறல், சந்தேகம். எதில் குறிப்பது என்று கேட்டாள்.

"சந்தேகம்னே போடுங்க" என்றார் தோன் நசாரியோ. பாதி வழக்கை ஜெயித்துவிட்ட நினைப்பு.

"போட்டுட்டேன். சந்தேகத்துக்கும் அதே ஊசிதான்." அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "அந்தக் கொசுவலைக்குள்ள வேற யாரு படுத்தா?"

எர்மெலிந்தா கணவரின் ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். நாலு மணி நேர வெயிலில் மனிதர் அதைக் கழற்றவே இல்லை.

"கழட்டு."

கழற்றினார். குதிகாலில் இரண்டு பள்ளங்கள். ஒன்று ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"இது எப்போ?" என்றாள் செவிலி.

"ஒருவேளை..." பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை."

இரண்டு பேருக்கும் அன்றே தொடங்கினார்கள். ஓர் அட்டையில் நாள் குறித்துக் கொடுத்து, வலி இல்லையென்றாலும் நன்றாய் இருந்தாலும் ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது என்றாள் செவிலி. அட்டையை வாங்கிப் பார்த்த தோன் நசாரியோ, "ஒருவேளை ரெண்டு ஊசியிலயே..." என்று ஆரம்பித்தார். எர்மெலிந்தா திரும்பிப் பார்த்தாள். வாக்கியம் அங்கேயே நின்றது.

வீடு திரும்பிய நேரிதா செய்த முதல் வேலை, ஊசி நூலை எடுத்துக்கொண்டு கொசுவலையின் முன் உட்கார்ந்ததுதான்.

உங்கள் ஊரில் வௌவால் கடிப்பதில்லை, சரி. தெருநாய் ஒன்று லேசாய் உரசிவிட்டுப் போகவில்லையா? குரங்கு பிறாண்டவில்லையா? போகட்டும், ஆறு மாதமாய் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கும் ஏதோ ஒன்று? இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவேளை இது வேறு யாரையோ சொன்னது என்று தோன்றுகிறது, இல்லையா?

எங்கே, அந்த பூட்ஸைக் கொஞ்சம் கழற்றுங்கள்.