பாதிப் படத்தை வைத்துக் குடும்பம் நடத்திய அண்ணாச்சி

இந்தியாவிலேயே அதிகமான சினிமாக்களைப் பாதி மட்டும் பார்த்த மனிதர் எங்கள் வடசேரிச் சந்தை இடைவேளை அண்ணாச்சிதான். வாழைக்குலை வியாபாரி. நாலு மணிக்கு லோடு வரும். நகம் பட்டாலே குலை கறுத்துப்போகும் என்று வேறு யாரையும் இறக்க விடமாட்டார். மத்தியானக் காட்சிக்குப் போனாலும், இடைவேளை விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுவார்.

அவர் மனைவியை நாங்கள் மைனி என்போம். அவரும் கடையில்தான் இருப்பார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் வாழை ரகக் கணக்கு: "ஏத்தன் எத்தனை குலை? மட்டி எத்தனை குலை?" அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து, அலுத்துப்போன புருசனும் பெண்டாட்டியும் மறுபடி காதலிக்கிற சிரிப்புப் படங்களாக வந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி ஒன்றையும் விடவில்லை.

"மக்கா, வழி கெடச்சாச்சு. எல்லாம் படத்துல இருக்கு, கேட்டியா?"

பக்கத்தில் எலுமிச்சம்பழக் கடை போட்டிருக்கிற எனக்கு அன்றைக்கே இது சரியாக வராது என்று தோன்றியது.

முதல் படத்தில் கதாநாயகன் பின்னால் வந்து மனைவியின் கண்ணைப் பொத்தினானாம். அண்ணாச்சி துண்டால் பொத்தினார். சங்கிலித் திருடன் என்று நினைத்த மைனி, கையில் கிடைத்த குலைத் தண்டால் ஒரே வீச்சு. அண்ணாச்சியின் மூக்கு மூன்று நாள் செவ்வாழை நிறத்தில் இருந்தது.

இரண்டாவது படத்தில் மனைவிக்குப் பொறாமை மூட்டினார்களாம். அண்ணாச்சி கடைவாசலில் நின்று, போனைக் காதில் வைத்து, "ஐயோ, நீ பொல்லாதவளாக்கும்" என்று குழைந்தார். நடுவில் காதிலிருந்த போன் மணியடித்தது. அழைத்தது யார்? நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த மைனி.

"அவகூடப் பேசி முடிச்சாச்சுன்னா, லோடு வந்திருக்கு. எறக்குங்க."

சந்தையே சிரித்தது. மைனி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"மார்த்தாண்டத்துல மவ வீட்டுக்குப் போறேன். இனி அங்கதான். நீங்க குலையக் கெட்டிட்டு அழுங்க."

அண்ணாச்சி சாக்கில் உட்கார்ந்துவிட்டார். "படத்துல உள்ளபடிதானே செஞ்சேன்?"

பல மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை நான் ஒருவழியாகச் சொன்னேன். "அண்ணாச்சி, கோவப்படப்பிடாது. மொதப் பாதியில அவன் செய்யது எல்லாம் கோளாறாத்தான் போவும். சரியாவது இடைவேளைக்குப் பொறவாக்கும்."

"பாவி! இத இப்பமாலே சொல்லுக?"

எழுந்து ஓடினார். பயத்தில் நானும் பின்னால் ஓடினேன். பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் மைனி.

"ஏட்டி, எறங்கி வா. ஒரு படம் முழுசாப் பாப்போம்."

மைனி முகத்தைத் திருப்பவில்லை. "நாலு மணிக்கு லோடு வருமே?"

"வரட்டும். கெடந்து கறுக்கட்டும். நீ வா."

முப்பது வருசத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. மைனி இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பிறகு நடத்துநரைப் பார்த்து, "ஆள் எறங்கணும்" என்றார். வண்டியிலிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். ஓட்டுநர் நீளமாக ஒரு ஹாரன் வேறு கொடுத்தார். அண்ணாச்சி பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கப்பு ஜெயித்தவர் மாதிரி முன்னால் நடந்தார்.

லோடை நான்தான் இறக்கினேன். பழக்கமில்லாத கை, மூன்று மட்டிக்குலையைக் கீறிவிட்டேன். ஆறு மணிக்கு இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"பின்பாதியில அவன் என்ன செஞ்சான் அண்ணாச்சி?"

"ஆரு கண்டா? இவ பேசிக்கிட்டே இருந்தா மக்கா. நான் எங்க படத்தப் பாத்தேன்?"

கீறல் விழுந்த குலைகளைப் பார்த்தார். "கறுத்தாக் கறுக்கட்டும் மக்கா" என்று ஓரமாக எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து படத்துக்குப் போகிற நாளெல்லாம் லோடு என் பொறுப்பு. இன்னும் ஒன்றிரண்டு குலையைக் கீறத்தான் செய்கிறேன். ஆனால் அன்றைக்கு வேறு யாரையும் அந்தக் குலைகளைத் தொட விடமாட்டேன்.