அனுபவ பாத்தியதை

திருச்சியில் விமானத்தை விட்டு இறங்கிய துரைராசு வீட்டுக்குப் போகவில்லை. பையும் கையுமாக நேரே திருவிடைமருதூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்து, பத்திர எழுத்தர் இராஜாங்கத்தின் மேஜை முன்னால் நின்றார்.

"மலேசியாவுலேர்ந்து என்னைப் பிடிச்சு அனுப்பிட்டாங்க. உங்க பேச்சைக் கேட்டதால."

இராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காருங்க. டீ சொல்லவா?"

அங்கே ஈப்போ நகரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் தோசைக்கல்லே கதியென்று கிடந்தவர் துரைராசு. விசா எப்போதோ முடிந்துவிட்டது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. மனைவி குந்தவை போனில், "எப்ப வர்றீங்க?" என்பாள். "சம்பா அறுப்புக்கு" என்பார். அப்படியே பதினோரு சம்பா அறுத்தாயிற்று. போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவார். ஆறுதல் சொல்ல அங்கே ஆளில்லை.

மூன்று மாதம் முன்பு குந்தவையே இராஜாங்கத்தின் நம்பரை அனுப்பினாள். நிலத்துக்குச் சட்டம் பார்ப்பவர், விசாவுக்கும் வழி சொல்வாராம்.

சொன்னார். "அடுத்தவங்க இடத்துல பன்னிரண்டு வருஷம் ஆட்சேபணை இல்லாம இருந்தா அனுபவ பாத்தியதை, இடம் நமக்கே சொந்தம். இமிக்ரேஷன் ஆபீசுல மனுக் குடுங்க."

"இடம் சரிங்க. இது நாடாச்சே?"

"நாடுங்கறது பெரிய இடம். அவ்வளவுதான்."

"பன்னிரண்டுக்கு ரெண்டு மாசம் குறையுதுங்களே."

"அதுவரைக்கும் தாங்காது. இப்பவே போங்க."

போனார். அத்தனை வருஷம் அங்கே இருந்ததை அதிகாரி நம்பவில்லை. "அனுபவத்துக்கு ஆதாரம் காட்டுங்க" என்றார் இராஜாங்கம் போனில். வருஷா வருஷம் கடைவாசலில் எடுத்த பொங்கல் போட்டோக்களைத் தேதியோடு காட்டினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இந்த முறை அதிகாரி முழுசாக நம்பிவிட்டார்.

"இத்தனை வருஷமா இடத்துக்காரர் யாரும் ஆட்சேபிக்கலைன்னேன். 'அந்த இடத்துக்காரர் நாங்கதான்'னு சொல்லி உள்ள உக்கார வச்சுட்டாங்க" என்றார் துரைராசு. "இனிமே அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. வெறுங்கையோட அவ மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்?"

இராஜாங்கம் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

ஓரமாக டைப் அடித்துக்கொண்டிருந்த எழில்மொழிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, சார் மேல கோவப்படாதீங்க. அப்படிச் சொல்லச் சொன்னதே குந்தவை அக்காதான். பன்னிரண்டு வருஷம் ஆட்சேபணை பண்ணாம விட்டா, புருஷன் மலேசியாவுக்கே சொந்தமாயிடுவாருன்னு பயந்துட்டாங்க."