நூற்று எண்பத்தேழு பக்க விசா

விசா வித்தகர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. மருந்துக்கடையிலோ, பஸ் ஸ்டாப்பிலோ, துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலோ, ‘ஒரு தடவை வெளிநாடு போயிட்டு வரலாம்னு இருக்கோம்’ என்று வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடம் அவர் உங்கள் தோளைத் தொட்டு, எந்த நாட்டு விசா என்று கேட்பார். நீங்கள் நாட்டைச் சொல்வீர்கள். அவர் உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

இந்த இனத்தார் வெளிநாடு போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீச்சல் போட்டியில் விசில் ஊதுகிறவர் நீந்திக் காட்டவா வேண்டும்?

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் குடியிருக்கும் நல்லதம்பியை எடுத்துக்கொள்வோம். வயது அறுபத்து மூன்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் காகிதங்களில் குற்றம் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வருடம், ஒரு டூர்க்காரர் நாற்பது பேரைச் சேர்த்துச் சிங்கப்பூருக்கு ஐந்து நாள் அழைத்துப் போனபோது இவரும் போனார். விசாவுக்காக அவர் செய்தது, இரண்டு போட்டோ கொடுத்தது மட்டும். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து, சாஸ்திரி ரோட்டில் பரக்கத் அலியின் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கென்றே ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வருகிற எவரும் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போக முடியும்.

அவரிடம் சட்டங்கள் இருந்தன. போட்டோவில் பல் தெரியக் கூடாது. தெரிந்தால், போவதற்கு ஆசைப்படுகிறான் என்று நினைத்துவிடுவார்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டியும் காட்டக் கூடாது. செவ்வாய்க்கிழமை விண்ணப்பிக்கக் கூடாது. சொந்தக்காரர் யாராவது அங்கே இருப்பதாக மூச்சே விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிடிமானம். “நீங்க திரும்பி வருவீங்கங்கிறதுக்கு என்ன பிடிமானம்? அதைக் காட்டுங்க முதல்ல” என்பார், ஏதோ அந்த நாட்டு ராஜா இவரைத்தான் வாசலில் உட்காரவைத்து அனுப்பியிருக்கிற மாதிரி. இரும்புக்கடை ஷேக் தாவூது அவர் சொன்னதையெல்லாம் கேட்டு, சித்திரை வெயிலில் கோட்டு சூட்டெல்லாம் தைத்துப் போட்டோ எடுத்து, கடைசியில் விசா மறுக்கப்பட்டபோது, ‘நான் சொன்னதில் பாதியைத்தான் செய்தார்’ என்றார் நல்லதம்பி. கேட்காமல் போன ஒரு பல் டாக்டருக்கு விசா கிடைத்தபோது, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றார். கிடைத்தால் அவரால், கிடைக்காவிட்டால் உங்களால். இதைவிடப் பாதுகாப்பான தொழில் வேறு உண்டா?

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதர் சொந்தமாக ஒரு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாளும் வந்தது.

அவருடைய ஒரே மகள் இளவேனில் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நாலரை வருடம் ஆகியிருந்தது. ஜூலையில் டாக்டர் பட்டம் வாங்கப்போவதாகவும், விழாவுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் வந்தே தீர வேண்டும் என்றும், இரண்டு டிக்கெட்டும் தன் செலவு என்றும் சொன்னாள். இரண்டு பேருக்கும் படிவத்தைத் தானே நிரப்பிவிடுவதாகவும் சொன்னாள். நல்லதம்பி சிரித்தார். சுறா மீனுக்கு நீச்சல் சொல்லித்தர வந்தவளைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

அவர் மனைவி சந்திரம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வீட்டுக் கீழ்ப்பகுதியில் இரண்டு கிரைண்டர் போட்டு, பதினோரு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சுற்றுப்பட்டு அடுக்குமாடி வீடுகளில் அறுபது குடும்பம் அவளுடைய மாவில்தான் பசியாறியது. ‘வீட்டுக்காரம்மா என்ன செய்றாங்க’ என்று யாராவது கேட்டால் நல்லதம்பி ‘வீட்லதான் இருக்காங்க’ என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை, கிரைண்டரும் வீட்டில்தானே இருந்தது.

படிவத்தில் தொழில் என்ற இடம் வந்தபோது சண்டை வந்தது. இல்லத்தரசி என்று போடு என்றார் அவர். மாவு விற்கிறேன் என்று எழுதினால், அங்கே போய்க் கடை போட்டுவிடுவாள் என்று நினைப்பார்களாம், மானமும் போய்விடுமாம்.

“காலைல நாலரைக்கு எந்திரிச்சு ஆட்டுறது யாருங்க? அதை எழுதாம வேற எதை எழுதச் சொல்றீங்க?” என்றாள் சந்திரம்மாள்.

அவர் விளக்கினார். அவள் உளுந்து களைந்தாள். அவர் மேலும் விளக்கினார். கடைசியில், உங்களுடையதை நீங்கள் பாருங்கள், என்னுடையதை இளவேனிலே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடித்துவிட்டாள். மகள் வீடியோ காலில் கேள்வியைப் படிக்க, அம்மா மாவுக் கையோடு பதில் சொல்ல, ஒன்றரை மணி நேரத்தில் படிவம் முடிந்தது. கூடவே ஒரு பக்கக் கடிதம். நான் மாவு விற்கிறேன். மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க வருகிறேன். மூன்று வாரத்துக்கு மேல் தங்க முடியாது, தங்கினால் என் வாடிக்கைக்காரர்கள் பாக்கெட் மாவுக்குப் போய்விடுவார்கள். மகள் அதை ஆங்கிலத்தில் எழுதினாள். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. ஒரு வருடத்து பேங்க் ஸ்டேட்மெண்டில் நாற்பது ரூபாயும் எண்பது ரூபாயுமாக, எறும்பு வரிசை மாதிரி பக்கம் பக்கமாக வரவு இருந்தது. நல்லதம்பி அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய கோப்பு ஐந்து வாரம் வளர்ந்தது. வீட்டுப் பத்திரம், 1964ஆம் வருடத்து மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, தண்ணீர் வரி ரசீது, நகை மதிப்பீடு, ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்த படம், குடியிருப்போர் சங்கத் தலைவர் தந்த நன்னடத்தைச் சான்று. சங்கத் தலைவர் யார் என்று கேட்காதீர்கள்; அவரேதான். பென்ஷன் கணக்கு மெலிந்து தெரிந்ததால், உப்பிலியபுரத்திலிருக்கும் தம்பி பூவரசன் வெங்காயம் விற்ற ஒன்பது லட்சத்தை வாங்கி, விண்ணப்பிக்கப் பத்து நாள் முன்பு கணக்கில் போட்டுவைத்தார். பயண நோக்கம் என்ற இடத்தில் ‘வரலாற்றுச் சின்னங்களைப் பார்வையிட’ என்று எழுதினார். அந்த நாட்டில் உறவினர் உண்டா என்ற கேள்விக்கு, இல்லை. மொத்தம் நூற்று எண்பத்தேழு பக்கம்.

“சார், இவ்வளவும் கேட்டிருக்காங்களா?” என்று பரக்கத் அலி மெஷினைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“கேக்கிறதுக்கு முன்னாடி கொடுக்கணும் பாய். அங்கதான் நாம நிக்கிறோம்.”

மே கடைசியில் காலை ரயிலில் கணவனும் மனைவியும் சென்னைக்குப் போய், விசா விண்ணப்ப மையத்தில் வரிசையில் நின்றார்கள். சாத்தியமான நாற்பத்தைந்து கேள்விகளுக்கு விடை தயாரித்து, விழுப்புரம் தாண்டும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார் நல்லதம்பி. கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவராகவே கோப்பைத் திறந்து, மூலப் பத்திரத்தில் எல்லை விவரம் இருக்கும் பக்கத்தை எடுத்துக் காட்டினார்.

“சார், விரலை மட்டும் வைங்க” என்றாள் அந்தப் பெண்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், இரண்டு உறைகள் கூரியரில் வந்தன. சந்திரம்மாள் கிழிக்கப் போனாள். பொறு என்று அவர் வாங்கிக்கொண்டார். அவளுடையதை முதலில் பிரித்தார். மறுப்பு வந்திருக்கும், ஆறுதல் சொல்ல வேண்டும், ‘நான் சொன்னேனே’ என்று இன்றைக்குச் சொல்லாமல் நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று பெருந்தன்மையோடு முடிவு செய்திருந்தார். பாஸ்போர்ட்டுக்குள் விசா ஒட்டியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், போட்டோவில், பல் தெரிய.

அவருடைய உறையில் பாஸ்போர்ட்டோடு இரண்டு பக்கக் கடிதம் இருந்தது. நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர் கிரைண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கணக்கில் திடீரென்று வந்த ஒன்பது லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கமில்லை. உறவினர் யாரும் இல்லை என்கிறீர்கள்; அதே வீட்டு முகவரியிலிருந்து விண்ணப்பித்திருக்கும் உங்கள் மனைவியோ மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். பயணம் முடிந்து நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்று நம்ப எனக்குப் போதிய காரணமில்லை. முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் காகிதத்தை ‘சரியில்லை’ என்று திருப்பிக் கொடுத்தவருக்கு, தன் காகிதம் திரும்பி வந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது மடல் சூடாயிற்று. இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்கவே கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது.

சந்திரம்மாளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒரே ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“நமக்கு மகளே அங்க இல்லைன்னா எழுதினீங்க?”

அவர் விசா நடைமுறைகளைப் பற்றி ஏதோ தொடங்கினார். அதற்குள் அவள் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள் இளவேனில்.

“அப்பா, நாலரை வருஷமா நான் இங்கதானே இருக்கேன். இருக்கேன்னு எழுதக்கூடவா கை வரலை?”

நாற்பத்தைந்து கேள்விகளில் இது இல்லை. நல்லதம்பி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, காரணமே இல்லாமல் மோட்டாரைப் போய்ப் போட்டார். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. தண்ணீர் வழிந்து தெருவுக்கு வருகிறவரை மாடிப்படியிலேயே நின்றார்.

திரும்ப விண்ணப்பிக்கலாம், ஆனால் விழாவுக்கு இருபது நாள்தான் இருந்தது. சந்திரம்மாள் தனியாகவே கிளம்பினாள். அறுபது வீட்டையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது, வீட்டில் வேலையில்லாமல் இருந்தவர் ஒருவர்தான். போவதற்கு முன் நான்கு நாள் அவருக்குப் பயிற்சி கொடுத்தாள்: அரிசிக்கு எவ்வளவு உளுந்து, உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்த வீட்டுக்குப் புளித்தது, எந்த வீட்டுக்குப் புளிக்காதது. விமான நிலையத்தில், போலீஸ்காரர் தடுக்கும் இடம்வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம், “வெந்தயத்தை மறந்துடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முதன்முறை விமானம் ஏறுகிறவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் பதினாறு வீடு பாக்கெட் மாவுக்குப் போயிற்று. இரண்டாவது வாரம் ஒன்பது வீடு திரும்பி வந்தது. பட்டமளிப்பு அன்று, உளுந்து டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நேரலையில் பார்த்தார். சிவப்பு அங்கியில் இளவேனில் மேடையேறினாள். அடுத்த நொடி படம் அரங்கத்துக்குத் திரும்பியது. ஐந்தாவது வரிசையில், அரக்குப் பட்டுப் புடவைக்கு மேல் மகளுடைய குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, சந்திரம்மாள் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. நல்லதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் மாவு.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்து, “எழுதியிருக்கணும்மா” என்றார். அவளும், “சரிப்பா, அடுத்த தடவை நான் எழுதுறேன்” என்றாள். அதோடு முடிந்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது.

மறுநாள் காலை, தூக்குவாளியோடு மாவு வாங்க வந்த பிச்சமுத்து என்கிற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், மகன் கனடாவில் இருப்பதாகவும், போய்ப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகவும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நல்லதம்பி கரண்டியைக் கீழே வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“என் வீட்டுக்காரிக்கு இப்பதான் வாங்கிக் கொடுத்தேன். இருபத்தோராம் நாள் கையில விசா. எப்படின்னு நினைக்கிறீங்க? மாவு விக்கிறதை மறைக்காம எழுதச் சொன்னது நான்தான்.”

பிச்சமுத்து வியந்துபோய், தனக்கு அப்படி ஒரு தொழில் இல்லையே என்று கவலைப்பட்டார். நல்லதம்பி அவர் தோளைத் தொட்டு, ஒரு கிரைண்டர் வாங்குங்கள் என்றார். மூலத்தோப்பில் அந்த மாதம் மட்டும் நான்கு கிரைண்டர் விற்றதாகக் கேள்வி.

போகட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டே வந்தீர்கள் அல்லவா? நடுவில் எங்காவது, ‘ஒன்பது லட்சத்தை ஆறு மாதம் முன்னாடியே போட்டிருந்தால் தப்பித்திருப்பார்’ என்றோ, ‘தம்பியிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்திருக்கலாமே’ என்றோ, ‘இந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்’ என்றோ உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகவே போகாதீர்கள்.