அவுட்ஹவுஸ் வைத்திருப்பவர்

வீடு உள்ளவர்களை உங்களுக்குத் தெரியும், இல்லாதவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: அவுட்ஹவுஸ் வைத்திருப்பவர்.

மதுராந்தகம் நெல் வியாபாரி நூர்முகமது இந்த இனத்தில் முதல் தரம். வீட்டை ஒட்டாமல் கொல்லையில் தனியாக நின்ற வைக்கோல் கொட்டகைக்கு ஐம்பத்தாறாம் வருஷம் சுண்ணாம்பு அடித்து, கதவு வைத்து, ஒரு பல்பையும் தொங்கவிட்டு, மறுநாளே அதை அவுட்ஹவுஸ் என்று அழைக்க ஆரம்பித்தார். வைக்கோல் அங்கேயேதான் இருந்தது. எலிகளும் இருந்தன. அதனால் என்ன? துரைமார் பங்களாவில் எலி இருந்ததில்லையா?

அவுட்ஹவுஸ் எதற்கு என்று கேட்டால், "வர்றவங்க சௌகரியத்துக்குத்தான்" என்பார். வருகிறவருக்கு எந்த இடம் என்பதைப் பெட்டி தீர்மானிக்கும். தோல் பெட்டியோடு வந்தால் கூடத்தில் கட்டில். தகரப் பெட்டிக்கு வாசல் நடை. துணிமூட்டை என்றால், ஆள் செருப்பைக் கழற்றுவதற்குள், "பின்னால அவுட்ஹவுஸ் கீது பாய், காத்து பிச்சிகினு வரும்" என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விடுவார்.

மகள் சுராயாவுக்குத் திருக்கழுக்குன்றத்தில் இடம் கூடி வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதில் மனிதருக்கு உள்ளூர உதறல். மாப்பிள்ளையின் தகப்பனார் வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம். அவருக்காகக் கூடத்தில் புது மெத்தை. யாரும் அதைத் தொடக்கூடாது என்று மனைவி ரோஷன் பீவிக்கு உத்தரவு. வியாழக்கிழமை மத்தியானம் துணிமூட்டையோடு ஒரு பெரியவர் வந்து சலாம் சொன்னார். பெயரைக் கேட்பானேன்? மூட்டைதான் சொல்லிவிட்டதே.

மறுநாள் காலை அவுட்ஹவுஸுக்கு நாஸ்தா கொண்டுபோன ரோஷன் பீவி திரும்பி ஓடிவந்தாள்.

"இன்னா காரியம் பண்ணிட்டீங்க! அவருதான் கிஃபாயத்துல்லா, மாப்பிள்ளையோட அத்தா! ஒரு நாள் முன்னாலயே வந்துட்டாராம்!"

நூர்முகமது நெற்றியில் அடித்துக்கொண்டார். மூன்றாவது இடமும் போயிற்று என்றே நினைத்தார். கொல்லைக்கு ஓடிப் பார்த்தால், கிஃபாயத்துல்லா தாடியிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணப் பத்தி நாலு பேருகிட்ட விசாரிச்சிகினுதான் வந்தேன். சம்மதம்" என்றார் அவர் அமைதியாக. "கல்யாணத்துக்கு எங்க பக்கம் முப்பது பேர் வருவாங்க. பெரிய வூட்ல தங்கிக்கிறோம். நீயும் வூட்டம்மாவும் நாலு நாளைக்கு இங்க வந்துடுங்க. எங்களுக்கு ஒண்ணும் மனக்கஷ்டமில்ல."

நூர்முகமது தலையாட்டினார். சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்புறம்தான் எலிகளின் ஞாபகம் வந்தது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அவுட்ஹவுஸ் கிடையாது, வாஸ்தவம். போன மாதம் ஊரிலிருந்து வந்தாரே உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா, அவருக்குப் பாயை எங்கே விரித்தீர்கள்?