கழுத்துச் சாவடிக்காரி

மெய்நாடு என்று ஒரு நாடு. வடக்கே கூந்தற்காடு, தெற்கே பத்து நகக்குன்றுகள், சுற்றிலும் தோல் என்னும் எல்லைச்சுவர். வடகோடியில் எலும்பாலான ஒரு கோட்டை. அந்தக் கோட்டைக்குள் மூன்று உறைகளைப் போர்த்திக்கொண்டு, தெளிந்த நீரில் மிதந்தபடி மூளையூர் என்ற தலைநகர் இருந்தது. அங்கிருந்து தெற்கு நோக்கித் தண்டுப் பெருவழி இறங்கியது. வழியின் இரு பக்கமும் முப்பத்தோரு ஜோடிச் சாவடிகள். ஒவ்வொரு சாவடிக்கும் இரண்டு வாசல். பின்வாசல் வழியாகச் செய்தி வரும். முன்வாசல் வழியாகக் கட்டளை போகும். வாசல் மாறி நுழைந்தவர் அந்நாட்டு வரலாற்றிலேயே கிடையாது.

கழுத்துப் பகுதியில், வலப்பக்கத்து ஆறாம் சாவடியை அஞ்சலை என்பவள் பார்த்துவந்தாள். கட்டைவிரல் சீமை அவள் பொறுப்பு. எல்லையிலிருந்து "சுடுது" என்று சத்தம் வந்தால், தசைக்காரர்களைப் பார்த்து "இழு" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. கை பத்திரமாகத் திரும்பிய பிறகு மூளையூருக்கு ஓர் ஓலை போகும்: "கை சுட்டது. இழுத்தாயிற்று. தகவலுக்காக."

அந்த ஆண்டு மெய்நாட்டில் தேர்தல் நடந்தது. நாடு முழுவதற்குமான தேர்தல்தான். வாக்குப்பெட்டி மட்டும் மூளையூரில் இருந்தது. முன்னெற்றி மாளிகையின் திருமுடியார் அமோகமாக வென்றார். பதவியேற்ற மறுநாள் பழைய ஓலைகளைப் புரட்டியவர் அஞ்சலையின் ஓலையில் வந்து நின்றார்.

"ஒப்பிலாமணி, இதில் 'இழுத்தாயிற்று' என்று இருக்கிறதே. இழுக்கலாமா என்று நம்மிடம் யார் கேட்டது?"

"யாரும் கேட்கவில்லை, பெருமானே. தொன்றுதொட்டு யாரும் கேட்பதில்லை" என்றார் தலைமைச் செயலர் ஒப்பிலாமணி.

"நம்மைக் கேட்காமல் இத்தனை காலம் நாடு எப்படி நடந்தது?"

ஒப்பிலாமணிக்கு விடை தெரியும். அதனால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே ஒருமுடிச் சட்டம் பிறந்தது. தலைநகரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் மெய்நாட்டில் எந்தத் தசையும் அசையக் கூடாது. நல்லவேளையாக, கோட்டையின் அடித்தளத்தில் உட்கார்ந்து மூச்சையும் இதயத்தையும் ஓட்டிக்கொண்டிருந்த முகுளம் என்ற பழைய அலுவலகம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அமைச்சர்களுக்குத் தெரியாது. நாடு பிழைத்தது அதனால்தான்.

சட்டம் வந்த மூன்றாம் நாள் காலையில் கட்டைவிரல் தோசைக்கல்லில் பட்டது. விரல்நுனிக் காவலில் இருந்தவள் செங்கேணி.

"அக்கா! சுடுது! இழுக்கச் சொல்லுக்கா!"

"கொஞ்சம் பொறுடி. மேல கேட்டிருக்கேன்."

"பொறுக்கவா? இங்க தோலு பொசுங்குதுக்கா!"

ஓலை வடக்கே ஓடியது. வலக்கையின் விவகாரங்களை இடப்பக்க மாளிகைதான் கவனிக்கும். அது ஏன் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே ஓலை பாதி வழியில் பாதை மாறி இடப்பக்கம் போயிற்று. தோசைக்கல் நட்பு நாடா, பகை நாடா என்று அங்கே கேட்டார்கள். இதற்கு முன்பு சுட்டிருக்கிறதா என்று நினைவகத்தில் தேடினார்கள். கடைசியில் ஆணை வந்தது: "கொள்கை அளவில் இழுக்கலாம்." அதற்குள் விரல்நுனியில் கொப்புளம் எழும்பி, செங்கேணியின் கூட்டாளிகளில் பாதிப் பேர் கருகியிருந்தார்கள். அஞ்சலை சாவடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

எல்லையிலிருந்து முறையீடுகள் குவிந்தன. திருமுடியார் அவற்றைக் கனிவோடு படித்தார். "சுடுகிறது" என்ற சொல்தான் மக்களுக்குப் பீதியூட்டுகிறது என்று கண்டுபிடித்தார். அந்தச் சொல்லுக்குத் தடை வந்தது. இனி அதை "வெப்ப வளர்ச்சி" என்றே குறிப்பிட வேண்டும் என்று முப்பத்தோரு ஜோடிச் சாவடிகளுக்கும் சுற்றறிக்கை போனது.

ஒரு வாரம் கழித்து இட்லிப் பானையின் மூடி திறந்தது. ஆவி குபுகுபுவென்று எழுந்து கையை மொய்த்தது.

"அக்கா, இங்க வெப்ப வள... வெப்ப வளர்..." செங்கேணியால் சொல்லி முடிக்க முடியவில்லை.

அஞ்சலைக்கு என்ன ஆனதோ, சுற்றறிக்கையைச் சுருட்டி எறிந்துவிட்டு, பழைய குரலில் "இழு!" என்று அலறினாள். தசைக்காரர்களும் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தவர்கள் போல வெடுக்கென்று இழுத்தார்கள். கை தப்பியது. அஞ்சலை மாட்டிக்கொண்டாள்.

விசாரணைக்கு ஒப்பிலாமணியே இறங்கி வந்தார்.

"யாரைக் கேட்டு இழுத்தாய்?"

"கேட்டுட்டு இருந்தா வெந்து போயிருக்கும்யா."

"வெந்தாலும் சட்டப்படி வெந்திருக்கும். இப்போது சட்டத்துக்குப் புறம்பாக அல்லவா பிழைத்திருக்கிறது?"

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவதுதான் எந்த நாட்டிலும் வழக்கம். மெய்நாட்டில் அப்படி ஒரு காடு இல்லாததால், எதுவுமே நடக்காத ஊர் என்று பெயர்பெற்ற கருப்பை வட்டத்துக்கு அவளை மாற்றினார்கள். புறப்படும்போது செங்கேணி, "இனி நான் யாரைக்கா கூப்பிடுவேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வழியெல்லாம் அஞ்சலையின் காதிலேயே இருந்தது.

கருப்பை வட்டத்தில் காவல்காரர் மாசாணம் ஒருவர்தான் இருந்தார். வந்தவளை வரவேற்று, உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த எதையோ காட்டினார். எள்ளுக்கும் சிறியது.

"வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுது தாயி. அனுமதிச் சீட்டு இருக்கான்னு கேட்டேன். பதிலே இல்ல. பாவம், போற இடமில்லாம வந்திருக்குன்னு ஒதுங்க இடம் குடுத்துட்டேன்."

அஞ்சலை குனிந்து பார்த்தாள். மூன்று பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தது போலக் கிடந்தது. அடிப்பாய் குடலாகப் போகிறது, நடுப்பாய் எலும்பும் தசையும் ரத்தமுமாகப் போகிறது என்றார் மாசாணம். மேல்பாய் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆகவே இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வேலையும் இல்லை.

மேல்பாயின் நடுவில் ஒரு பட்டை தடித்தது. அடியில் கிடந்த ஒரு சிறு தண்டு அதனிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பட்டை குழிந்து வாய்க்காலாயிற்று. இரண்டு கரைகளும் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன.

"மேஸ்திரி யாரையும் காணோமே, யாரு இதைக் கட்டுறா?" என்றாள் அஞ்சலை.

"அதான் எனக்கும் புரியல. சண்டையும் இல்ல, சத்தமும் இல்ல. வேலை மட்டும் நடக்குது."

அது உண்டான இருபத்திரண்டாம் நாள் கரைகள் ஒன்றையொன்று தொட்டன. முதலில் தலைப்பக்கம்தான் மூடும் என்று அஞ்சலை எதிர்பார்த்திருந்தாள். மூடியது கழுத்துப்பக்கம். அங்கே தொடங்கி, மேலும் கீழும் தையல் போட்டாற்போல் மூடிக்கொண்டே போனது. தலைமுனை இன்னும் ஆவென்று திறந்து கிடந்தது.

"அண்ணே, கழுத்துதான் மொதல்ல!" என்று அவள் கூவிய கூவலில் மாசாணம் திடுக்கிட்டார்.

குழாயான பகுதி உள்ளே அமிழ்ந்தது. அதன் ஒரு முனை மூளையூராகும், மிச்சம் தண்டுப் பெருவழியாகும் என்று அவளுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அந்த வழியிலேயே வாழ்ந்தவள் அல்லவா? மடியாமல் வெளியே நின்ற பகுதி குழாய்க்கு மேலே வந்து கூடிச் சேர்ந்துகொண்டது. அது தோல். தையல் போட்ட விளிம்பில் இருந்தவர்களோ மூட்டை கட்டிக்கொண்டு ஊரூராகக் கிளம்பினார்கள். சிலர் சாவடிகளின் பின்வாசலில் குடியேறினார்கள். சிலர் தோலுக்கு நிறம் கலக்கப் போனார்கள். சிலர் முகத்தின் எலும்பாகவும், ஒரு பெருங்கூட்டம் குடலுக்கு நரம்பாகவும் போய்ச் சேர்ந்தார்கள்.

அஞ்சலை மாசாணத்தைப் பார்த்துச் சொன்னாள்: "திருமுடியாரும் எங்க செங்கேணியும் ஒரே பாயில பொறந்தவங்க அண்ணே. அவரு உள்ள மடிஞ்சாரு, இவ வெளிய நின்னா. அவ்வளவுதான்."

பழக்கதோஷம் விடவில்லை. கண்டதையெல்லாம் எழுதி, "தகவலுக்காக" என்று முடித்து மூளையூருக்கு அனுப்பினாள். வினை அங்கேதான் வந்தது.

"ஒப்புதல் இல்லாமல் ஒரு குடியேற்றமா? அதுவும் தலை இருக்கக் கழுத்து முந்திக்கொள்வதா?" என்று திருமுடியார் கொதித்தார். மூடியதைப் பிரித்து, தலையிலிருந்து முறைப்படி மீண்டும் தொடங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதுவரை அங்கே எந்தச் சத்தும் போகாமலிருக்க, நாடு முழுவதும் கீரை நிறுத்தப்பட்டது. தேர்தல் வெற்றி விழாவை முன்னிட்டு இனி மூன்று வேளையும் ஜிலேபி என்று அறிவிப்பு வந்தது. மூளையூரில் வெடி வெடித்தார்கள்.

மாசாணம் அந்த ஆணையைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "தாயி, கீரைச்சத்து இல்லாட்டி ரெண்டு முனையும் மூடாம போயிரும். தலைவாசல் இன்னும் மூணு நாள்ல மூடணும். வால்வாசல் ஆறு நாள்ல. நாள் தப்புனா அப்புறம் மூடவே மூடாது. தலைவாசல் மூடாத ஊரு பொழைக்காது."

கல்லீரல் கிடங்கில் இருந்த கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. மூளையூருக்கு மனு எழுதினால் ஒரு மாதம் ஆகும். அஞ்சலை எழுதவில்லை. பக்கத்துச் சீமையான வயிற்றூருக்கு ஓடினாள்.

வயிற்றூரில், எண்ணிக்கையில் தண்டுப் பெருவழிக்கு இணையாக நரம்பு மக்கள் இருந்தார்கள். அவர்கள் வெகுகாலமாகத் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள். அவர்களின் தலைவி உண்ணாமுலை.

"மேலேருந்து ஓலை வரும். நான் பிரிக்கிறதில்ல. பிரிச்சா செரிக்காது. உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றாள் அவள்.

அஞ்சலை நடந்ததைச் சொன்னாள். விளிம்பிலிருந்து மூட்டை கட்டிக் கிளம்பியவர்கள் கதையைக் கேட்டதும் உண்ணாமுலையின் முகம் மாறியது.

"அப்போ நாங்களும் அந்தப் பாயிலிருந்து வந்தவங்கதானா?"

"ஆமாம்மா. அதே பாயோட ஓரம்."

"சரி. ஜிலேபியை என்ன செய்யணும்?"

"வந்த வழியே திருப்பி அனுப்பணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"உரிய மரியாதையோட அனுப்பிடலாம்" என்றாள் உண்ணாமுலை.

மறுநாள் காலை, மூளையூரில் வெற்றி விழா உரையின் நடுவில், முதல் ஜிலேபி திரும்பி வந்தது. மெய்நாடு முழுவதும் ஒரு சாக்கடையை நோக்கிக் குனிந்தது. திருமுடியார் பேச்சை மறந்தார். மதியம் இரண்டாம் ஜிலேபி. மாலையில் மூன்றாவது. வெறும் தண்ணீர் அனுப்பிப் பார்த்தார்கள், அதுவும் வந்தது. கடைசியில் ஒப்பிலாமணி, வயிற்றூர் எதைத்தான் ஏற்றுக்கொள்ளும் என்று பணிவோடு கேட்டு எழுதினார். அது ஒன்றைத்தான் உண்ணாமுலை பிரித்துப் படித்தாள். ஒரே சொல்லில் பதில் எழுதினாள்: "முருங்கைக்கீரை."

நாட்டுக்குக் கீரை கொடுப்பதே தமது வாழ்நாள் கனவு என்று அன்று மாலையே திருமுடியார் அறிவித்தார். கீரைக்கும் வெடி வெடித்தார்கள்.

இருபத்தைந்தாம் நாள் தலைவாசல் மூடியது. இருபத்தெட்டாம் நாள், மாசாணமும் அஞ்சலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, வால்வாசலின் கடைசித் தையலும் விழுந்தது. மாசாணம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாம ஒண்ணும் பண்ணலயே தாயி, ஏன் கண்ணு கலங்குது?" என்றார்.

குழாயின் தலைமுனை மூன்று குமிழாக உப்பியது. மூன்று பிறகு ஐந்தாயிற்று. முன்னால் இருந்த குமிழ் இரண்டாகப் பிரிந்து மற்றவற்றின் மேல் ஏறி உட்காரப் பார்த்தது. "இப்பவே தலைக்கனம் ஆரம்பிச்சாச்சு" என்று அஞ்சலை சிரித்தாள்.

மூளையூருக்குக் குமட்டல் நிற்கவில்லை. கோப்புகளைப் பார்க்க ஆளில்லை. ஒவ்வொரு சாவடியும் தன்பாட்டில் இழுக்கத் தொடங்கியது. ஒருமுடிச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை, மறந்துவிட்டார்கள். செங்கேணியிடமிருந்து சேதி வந்தது: "அக்கா, நேத்து சுடுதுன்னே கத்துனேன். புதுசா வந்தவரு இழுத்துட்டாரு. நீங்க அங்கயே இருங்க. அந்தப் புள்ளைய பாத்துக்கங்க."

ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனபோது ஒப்பிலாமணி ஒரு கல்வெட்டோடு கருப்பை வட்டத்துக்கு வந்தார். அதில், உள்ளே வளரும் புதுநாட்டுக்குத் "திருமுடி நாடு" என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது.

"ஆணையை உள்ளே அனுப்பும் வழி எது?" என்று கேட்டார்.

"வழி இல்லீங்கய்யா. இந்தத் தொப்புள்கொடி வழியா சோறு போகும், மூச்சு போகும். ஆணை போக ஒரு நரம்பு கூடக் கிடையாது" என்றாள் அஞ்சலை.

ஒப்பிலாமணி அசரவில்லை. வெளியே நின்றே ஆணையை உரக்கப் படித்தார். பிறகு கல்வெட்டைப் புதுநாட்டின் முகத்தருகே கொண்டுபோனார். கல்லின் ஓரம் அதன் உதட்டில் லேசாகப் பட்டது.

அதுவரை ஒருமுறைகூடத் தானாக அசைந்திராத அந்த நாடு அசைந்தது. கழுத்தை வளைத்து, முகத்தைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

"அட! யாரு தாயி சொல்லிக் குடுத்தது?" என்றார் மாசாணம். "அதோட முன்னெற்றி மாளிகையில இன்னும் ஒருத்தரும் குடியேறலயே!"

அஞ்சலை தன் கழுத்தைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒப்பிலாமணி, பதிவு செய்துகொள்ள வசதியாக, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முறை கல்வெட்டை உதட்டில் வைத்துப் பார்த்தார். புதுநாடு இந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

அன்று மாலை அரசிதழில் செய்தி வந்தது: "புதுநாடு, தலைவர் திருமுடியாருக்கு இருமுறை தலைவணங்கியது."